தங்கப் பட்டு ஏன் அசாமை விட்டு வரமாட்டேங்குது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அசாமோட முகாங்குற தங்க நிறப் பட்டுல நெய்யுற மேகலா சாதர் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அசாம் பொண்ணுங்க பிஹு பண்டிகைக்கு கட்டிக்குவாங்களே, இடுப்புக்கு ஒண்ணு தோளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு துணியா வருமே அது. அந்த நாலு வரிக்கு இத்தனை கேள்வி வரும்னு நான் எதிர்பார்க்கல. அதனால இந்த தடவை முழுக்க முகாதான், வேற எதையும் எடுக்கல.

"2 ஏக்கர்ல மல்பெரி வச்சிருக்கேன் சார், 12 வருஷமா புழு வளர்க்குறோம். முகா நூல் விலை மல்பெரி நூலை விட பல மடங்குன்னு எழுதியிருந்தீங்க. நம்ம பக்கம் அதை வளர்க்க முடியுமா? முட்டை எங்க கிடைக்கும்?" – தர்மபுரி மாவட்ட விவசாயி ஒருத்தர்

முடியாதுங்கண்ணா. எடுத்த உடனே இப்படி சொல்றதுக்கு கோச்சுக்காதீங்க, காரணத்தை சொன்னா என்னை விட உங்களுக்குத்தான் நல்லா புரியும்.

உங்க புழு வளர்ப்பு மனையில இருக்குற புழு வீட்டுப் புழு. தழையை வெட்டிட்டு வந்து மேல போட்டா திங்கும், போடலைன்னா தலையைத் தூக்கிட்டு அங்கயே காத்துட்டு கிடக்கும், எங்கயும் போகாது. ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் கையிலயே வளர்ந்ததால அதோட அந்துப்பூச்சிக்கு இறக்கை இருந்தும் பறக்க வராது. முகா அப்படி இல்ல, அது மரத்துப் புழு. வெயில், மழை, பனி எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு மரத்து மேலயேதான் வளரும், ஒரு மரத்துல இலை தீர்ந்து போச்சுன்னா விறுவிறுன்னு இறங்கி அடுத்த மரத்தைத் தேடிப் போகும். அதுக்காகவே தண்டுல வைக்கோலையோ வாழை இலையையோ சுத்திக் கட்டி, புழுவை அங்கயே மறிச்சு, முக்கோணமா இருக்குற மூங்கில் தட்டுல ஏத்திட்டு போய் இலை நிறைய இருக்குற வேற மரத்துல மாட்டி விடுறாங்க. பூச்சியும் நல்லா பறக்கும்.

மரம்னு சொன்னேன்ல, ரெண்டே ரெண்டு மரம்தான் அதுக்கு முக்கியமான சாப்பாடு, சோம், சுவாலு. நம்ம பிரியாணியில போடுற பட்டை, கொடைக்கானல்ல விளையுற பட்டர் ஃப்ரூட் எல்லாம் இருக்கே அந்தக் குடும்பத்து மரங்கதான் இதுவும். பிரம்மபுத்திரா ஓரத்து ஈரக்காத்துல அது தழைச்சு நிக்குற மாதிரி உங்க ஊரு காஞ்ச காத்துல நிக்காது.

ஆனா இதை எல்லாம் விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. முகா தூங்காது. நீங்க வாங்குற வெண்பட்டு முட்டையை குளிர்ல வச்சு மாசக்கணக்குல நிறுத்தி வைக்கலாம், தேவைப்படும்போது வெளிய எடுத்து பொரிக்க வச்சு இளம்புழு மையத்துல இருந்து உங்களுக்குக் கொடுக்குறாங்க, அதனால மழை பொய்ச்சா ஒரு பேட்சை விட்டுட்டு அடுத்ததைப் பார்த்துக்கலாம்னு நீங்க இருக்க முடியுது. முகாவுக்கு அந்த நிறுத்தமே கிடையாது. முட்டை போட்டா ஏழெட்டு நாள்ல, குளிரா இருந்தா இன்னும் சில நாள் கழிச்சு பொரிஞ்சுடும், புழு வளரும், கூடு கட்டும், பூச்சி வெளிய வரும், திரும்ப முட்டை. வருஷத்துக்கு 5, 6 தலைமுறை ஓடும். நம்ம ஆடிப்பட்டம், தைப்பட்டம்னு சொல்ற மாதிரி அவங்க ஒவ்வொண்ணுக்கும் மாசத்தை வச்சு பேரு வச்சிருக்காங்க – குளிருக்கு ஜாருவா, சித்திரை வாக்குல சொதுவா, மே-ஜூன்ல ஜெடுவா, அப்புறம் ஆஹெருவா, பதியா, அக்டோபர்-நவம்பர்ல காதியா. இதுல காசு பார்க்குறது ஜெடுவாவும் காதியாவும் மட்டும்தான். மத்த நாலும் விதையைக் காப்பாத்துறதுக்கு. ஜனவரி குளிர்லயும் ஆடி ஆவணி புழுக்கத்துலயும் புழு கொத்து கொத்தா சாகும், அப்படியும் கொஞ்சத்தையாவது கண்ணுல வச்சு காப்பாத்தி அடுத்த பட்டத்துக்கு கொண்டு போகணும், நடுவுல ஒரு தலைமுறை அறுந்துச்சுன்னா கையில ஒண்ணும் இருக்காது, வேற ஊர்க்காரங்ககிட்ட போய் விதைக்கூடு, அதாவது முட்டைக்காக வச்சிருக்குற உயிர்க் கூடு, வாங்கணும். மேல் அசாம்காரங்க கீழ் அசாம்ல போக்கோங்குற ஊர் பக்கமும் மேகாலயாவுல காரோ மலைப்பக்கமும் போய் விதைக்கூடு வாங்கிட்டு வர்ற பழக்கம் காலங்காலமா இருக்கு, எனக்கு இந்தப் பூச்சி பத்தின விஷயத்துலயே மனசைத் தொட்டது இதுதான்.

காட்டுப்பட்டு வகையில எதையாவது முயற்சி பண்ணித்தான் பார்க்கணும்னா எரி பட்டு பத்தி உங்க பட்டு வளர்ச்சித் துறை ஆபீஸ்ல கேளுங்க. அது ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும் திங்கும், மனைக்குள்ளயே வளரும்.

"எங்களுக்கு மூணு தலைமுறையா தறி. அந்த தங்க நிறம் நிஜமாவே புழுவோட நிறமா, இல்ல சாயமா? எங்க அப்பா நம்ப மாட்டேங்குறார்." – காஞ்சிபுரம் வாசகி

நிஜமாவே புழுவோட நிறம்தாம்மா. ஆனா உங்க அப்பா சந்தேகப்படுறதுல அர்த்தம் இருக்கு. அவர் பார்த்த மஞ்சள் கூட்டு பட்டுல மஞ்சள் இருக்குறது மேல இருக்குற பசையிலதான், சோப்பு போட்டு வேக வச்சு பசையை எடுத்தா மஞ்சளும் கூடவே போயி வெள்ளை நூல்தான் மிஞ்சும். அதைப் பார்த்துப் பார்த்து பழகினவருக்கு, வேக வச்ச பிறகும் பொன்னா நிக்குற நூலைக் காட்டினா சாயம்னுதான் தோணும். முகாவுல பசை போன பிறகும் நூல்ல நிறம் நிக்கும். வேற சாயமும் அதுல லேசுல ஏறாது. துவைக்கத் துவைக்க மினுமினுப்பு கூடும்னு அங்க எல்லாரும் சொல்வாங்க, பழைய துணியை எடுத்துக் காட்டினப்ப நானும் பார்த்தேன், பாட்டி கட்டினது பேத்தி கல்யாணத்துக்கு வந்து நிக்குது.

இன்னொரு விஷயம். அதே புழு மெஜாங்கரின்னு ஒரு மரத்து இலையைத் தின்னா பொன் நிறம் வராது, பால் மாதிரி வெளுப்பான பட்டு வரும், அந்தக் காலத்துல அசாமை ஆண்ட அஹோம் ராஜாக்கள் வீட்டுல அதுக்கு தனி மரியாதை. பூச்சி ஒண்ணுதான், மரம் மாறினா நிறம் மாறிடுது.

17ம் நூற்றாண்டுல இந்தியாவுக்கு வந்த தவெர்னியேன்னு ஒரு பிரெஞ்சு வியாபாரி, அசாம்ல வருஷம் முழுக்க மரத்துலயே கிடக்குற புழுவுல இருந்து பட்டு எடுக்குறாங்க, துணி பளபளன்னு இருக்கும், ஆனா சீக்கிரம் நைஞ்சு போயிடும்னு எழுதி வச்சுட்டு போயிருக்கார். புழுவைப் பத்தி சொன்னது ரொம்ப சரி, துணியைப் பத்தி சொன்னதை என்னால ஒத்துக்க முடியாது.

"நான் விலங்கியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். முகா அந்துப்பூச்சியோட வாழ்க்கைச் சுழற்சி, அது எங்கெல்லாம் இருக்குன்னு கொஞ்சம் விரிவா சொல்லுங்க அண்ணா." – கோயம்புத்தூர் மாணவி

பேர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். ஆந்தீரியா அசாமென்சிஸ். 1837ல ஹெல்ஃபர்னு பிராக் நகரத்து ஆய்வாளர் ஒருத்தர் வச்ச பேரு. மல்பெரிப் பூச்சி பாம்பிசிடே குடும்பம், இது சாட்டர்னிடே, நம்ம மலைகள்ல ராத்திரி லைட்டுக்கு வந்து ஒட்டுற பெரிய அட்லஸ் பூச்சி, நிலாப்பூச்சி எல்லாம் இருக்குற குடும்பம். குரோமோசோம் எண்ணிக்கையே வேற, மல்பெரிக்கு 28 ஜோடி, முகாவுக்கு 15 ஜோடி. ரெண்டும் பட்டு கட்டுதுங்குறதால அக்கா தங்கச்சின்னு நினைச்சுடாதீங்க, ரொம்ப தூரத்து சொந்தம்.

பெண் பூச்சி பெருசு, வெளிறின மஞ்சள் கலந்த பழுப்பு, ஆண் கொஞ்சம் சின்னது, செம்பு நிறத்துல கருத்து இருக்கும், நாலு இறக்கையிலயும் கண்ணு மாதிரி ஒரு வட்டம். பூச்சிக்கு சாப்பிடுற வாய் கிடையாது. புழுவா இருந்தப்ப சேர்த்து வச்சதை வச்சுக்கிட்டு ஒரு வாரம் பத்து நாள் உயிரோட இருக்கும், அதுக்குள்ள ஜோடி சேர்ந்து முட்டை போட்டாகணும். சாயங்காலம் கூட்டை விட்டு வெளிய வரும், ராத்திரி ஜோடி சேரும். காலையில வளர்க்குறவங்க பெண் பூச்சியை எடுத்து, காஞ்ச புல்லை கத்தையா கட்டி செஞ்ச ஒரு குச்சியில இறக்கையோரமா நூலால கட்டுவாங்க, அதுக்கு கரிக்கான்னு பேரு. அந்தப் புல்லு மேலயே அது 150ல இருந்து 250 வரைக்கும் முட்டை போடும். பொரியுற நேரத்துல கரிக்காவை கொண்டு போய் சோம் மரத்துல மாட்டிட்டா குட்டிப் புழு தானா இலைக்கு ஏறிடும்.

பொரிஞ்ச உடனே புழு கருப்பா இருக்கும், ஒரு தோல் உரிச்சதும் பச்சைக்கு வரும், மொத்தம் நாலு தடவை உரிச்சு அஞ்சு பருவம். வெயில் காலத்துல ஒரு மாசத்துக்குள்ள முடிஞ்சுடும், குளிர்ல ரெண்டு மாசத்தை நெருங்கும். இந்த நாள் முழுக்க ஆள் காவல் இருக்கணும், பகல்ல காக்காய், குளவி, எறும்பு, ராத்திரி வௌவால். உண்டிவில்லை கையில வச்சுக்கிட்டு மரத்தடியில உட்கார்ந்தபடியே கஞ்சி குடிக்குற பெரியவங்களை அங்க பார்க்கலாம்.

நான் ஜோர்ஹாட் பக்கம் ஒரு தோட்டத்துல ஒரு காதியா பட்டத்துக்கு போயிருந்தேன். சாயங்காலம் நாலரை மணி இருக்கும், அங்க அந்த நேரத்துக்கே இருட்ட ஆரம்பிச்சுடும். அந்த வீட்டுப் பாட்டி என் கையைப் பிடிச்சு ஒரு சோம் மரத்தடிக்கு கூட்டிட்டு போய் தண்டைக் காட்டினாங்க. தலை கீழா ஒவ்வொண்ணா இறங்கிட்டு இருக்கு, என் நடுவிரல் அளவுக்கு தடிமனா, பச்சையா, பக்கவாட்டுல மஞ்சள் கோடு ஓட, முதுகுல மணி மணியா புடைப்பு, அதுல முள்ளு மாதிரி மயிர். பழுத்த புழு வயித்துல இருக்குறதை எல்லாம் கழிச்சுட்டு, கூடு கட்ட இடம் தேடி பொழுது சாயுற நேரத்துலதான் இப்படி இறங்கும். அவசரமே இல்லாம ஆனா நிக்காம வரும். பாட்டி ஒண்ணை எடுத்து என் உள்ளங்கையில வச்சாங்க, ஜில்லுன்னு இருந்துச்சு, காலால என் தோலை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு, எடுக்கப் போனப்ப வரமாட்டேன்னு பிடிச்ச பிடி இப்பவும் கையில இருக்குற மாதிரி இருக்கு. அதுங்களை எல்லாம் பொறுக்கி, காஞ்ச மா இலையை கொத்தா கட்டி வச்சிருக்குற, ஜாலின்னு சொல்ற அதுல விட்டாங்க. நம்ம ஊர்ல கூடு கட்டுறதுக்கு மூங்கில் சந்திரிகையில விடுற மாதிரிதான். ரெண்டு மூணு நாள்ல கூடு முடியும், குளிர்னா ஒரு வாரம்.

எங்க இருக்குன்னு கேட்டீங்க. வளர்ப்புன்னு பார்த்தா பிரம்மபுத்திரா சமவெளிதான் வீடு, மேல ஜோர்ஹாட், சிவசாகர், கோலாகாட், லக்கிம்பூர், தேமாஜி, கீழ காம்ரூப், கோல்பாரா. அதைச் சுத்தி மேகாலயாவோட காரோ மலை, நாகாலாந்து, அருணாசல் அடிவாரம், வங்காளத்துல கூச் பெஹார். காட்டுல தானா இருக்குற முகா காரோ மலைப்பக்கம் இன்னும் இருக்கு. இந்தியா முழுக்க வருஷத்துக்கு 35,000 டன்னுக்கு மேல கச்சாப் பட்டு வருதுன்னா அதுல முகா 200, 300 டன்னுக்குள்ளதான். ஜோர்ஹாட் பக்கத்துல லாதோய்காட்னு ஒரு ஊர்ல முகாவுக்கும் எரிக்கும்னே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, படிப்பு முடிச்சுட்டு ஆராய்ச்சிக்கு போற எண்ணம் இருந்தா இப்பவே அதை மனசுல வச்சுக்கோங்க.

"முகாவுக்கும் புழுவைக் கொல்லணுமா?" – ஈரோடு வாசகி

ஆமாங்க. நீளமா நூல் இழுக்கணும்னா கூடு உடையக் கூடாது, அதனால உள்ள இருக்குற கூட்டுப்புழுவை சூட்டுல சாகடிச்சுடுவாங்க. அதை வீணாக்க மாட்டாங்க, அங்க நிறைய வீடுகள்ல அது சாப்பாடு. உங்களுக்கு மனசு கேட்கலைன்னா எரி பட்டு எடுங்க, அந்தக் கூடு ஒரு பக்கம் திறந்தே இருக்கும், பூச்சி பறந்து போன பிறகு பஞ்சு மாதிரி நூற்குறது.

"ஆன்லைன்ல 3,500 ரூபாய்க்கு ஒரிஜினல் முகா சேலைன்னு போட்டிருக்கான். வாங்கலாமா?" – சென்னை வாசகி

வேண்டாம்மா. ஒரு கூட்டுல இருந்து வர்ற நூல் 350, 400 மீட்டர் இருக்கும், நல்ல வெண்பட்டுக் கூட்டுல ஆயிரம் மீட்டர் வரும். அப்ப ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல கூடு வேணும், ஒவ்வொண்ணும் ஒருத்தர் ஒரு மாசம் காக்காய் விரட்டி காப்பாத்தினது. அப்புறம் சாம்பல் காரம் போட்ட தண்ணியில கூட்டை வேக வச்சு, பீர்னு சொல்ற மரச் சக்கரத்துல ரெண்டு பேரு உட்கார்ந்து, ஒருத்தர் சக்கரம் சுத்த இன்னொருத்தர் முன்கையில நூலை உருட்டி முறுக்கேத்தி இழுப்பாங்க. இந்த வேலைக்கு அந்த விலை எப்படி கட்டும்னு நீங்களே பாருங்க. பெரும்பாலும் டசர்ங்குற இன்னொரு காட்டுப்பட்டு நூலுக்கு சாயம் ஏத்தி முகான்னு விக்குறாங்க, இல்லைன்னா பாலியெஸ்டர். எரிச்சுப் பார்த்தா முடி கருகுற வாசனை வரும்னு சொல்வாங்க, பாலியெஸ்டரை அதுல பிடிச்சுடலாம், ஆனா டசரும் பட்டுதான், அதுவும் அப்படியேதான் வாசனை வரும், அதனால அந்த சோதனையை மட்டும் நம்பாதீங்க. அசாம் முகாவுக்கு 2007ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அந்த முத்திரை இருக்கான்னு கேட்டு வாங்குங்க. முழுச் சேலைக்கு பணம் பத்தலைன்னா அசாம்ல சுவால்குச்சிங்குற ஊர் நெசவாளர்ங்ககிட்ட முகா நூல்ல பூவேலை மட்டும் செஞ்சது கிடைக்கும், உண்மையான முகா கொஞ்சமா இருந்தாலும் பார்க்க அழகா இருக்கும்.

"முகா அழிஞ்சுட்டு வருதுன்னு படிச்சேன். ஏன்? நம்மளால ஏதாவது செய்ய முடியுமா?" – பெங்களூரு வாசகர்

எனக்கும் இதுதான் பெரிய கவலை. முதல் பதில்ல சொன்னேனே, தூங்காத பூச்சின்னு, அங்கதான் எல்லா சிக்கலும் வந்து முட்டுது. பதியா பட்டம் வர்ற ஆகஸ்ட்-செப்டம்பர்ல இப்ப வெயில் முன்னை விட கடுமையா இருக்குன்னு வளர்க்குறவங்க எல்லாரும் சொல்றாங்க, சூட்டுல புழு சோர்ந்து நோய் வந்து தொங்கிடும், ஆண் பூச்சிக்கும் வீரியம் போயிடும், முட்டை பொரியாது. அந்தப் பட்டம் போச்சுன்னா காதியாவுக்கு வித்து இல்ல, காசு பார்க்குற பட்டமே போச்சு.

அடுத்தது தேயிலை. முன்னாடி பெரிய எஸ்டேட்ங்க மட்டும் இருந்துச்சு, கடைசி முப்பது வருஷமா சின்ன விவசாயிங்களும் வீட்டுக்குப் பின்னாடியே தேயிலை போட்டுட்டாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, வாராவாரம் கையில காசு வருது. ஆனா அங்க அடிக்குற மருந்து காத்துல வந்து சோம் இலையில படியுது, அதைத் தின்னு மறுநாள் காலையில புழு பூரா மரத்தடியில கொட்டிக் கிடக்கும். சிவசாகர் பக்கம் எண்ணெய்க் கிணறு ஓரத்துல ராத்திரியும் பகலும் எரியுற காஸ் மேலயும் இதே புகார் இருக்கு.

ஊஜி ஈ பத்தி பட்டு வளர்க்குறவங்களுக்கு சொல்லவே வேணாம், 1980 வாக்குல வங்காளத்துல இருந்து வந்த கூட்டோட கர்நாடகாவுக்குள்ள நுழைஞ்சு நம்ம பக்கம் வரைக்கும் வந்த அதே ஈ வகைதான் அங்கயும் புழு மேல முட்டை வச்சு உள்ள இருந்து தின்னுது. மனைக்கு வலை அடிக்குற மாதிரி திறந்த தோப்புக்கு அடிக்க முடியாது, இப்ப இளம்புழு இருக்குற மரத்துக்கு மட்டும் நைலான் வலை போர்த்துறாங்க, அது நல்லா பலன் தருது.

என்னைக் கேட்டா முதல்ல விதையைப் பார்க்கணும். முட்டை போட்டு முடிச்ச தாய்ப் பூச்சியை நசுக்கி மைக்ரோஸ்கோப்ல வச்சு பெப்ரின்ங்குற புழு நோய் இருக்கான்னு பார்க்குற வேலை இருக்கே, 1860கள்ல விஞ்ஞானி லூயி பாஸ்டர் பிரான்ஸ்ல சொல்லிக் கொடுத்தது, அதை ஒவ்வொரு கிராமத்துலயும் ஒழுங்கா செஞ்சு சுத்தமான விதைக்கூடு கொடுத்தாலே பாதி நஷ்டம் குறையும்னு நான் நினைக்கிறேன். காரோ மலைக் காட்டு முகாவும் அந்தக் காடும் நிக்கணும், தோப்புப் புழு சோர்ந்து போச்சுன்னா புது ரத்தம் அங்க இருந்துதான் வந்தாகணும். பெங்களூர்ல உட்கார்ந்துட்டு நீங்க செய்யக் கூடியது போலியை வாங்காம இருக்குறது. ஒவ்வொரு போலி சேலையும் உண்மையான கூட்டோட விலையைத்தான் கீழ இழுக்குது.

"சிறுமலைப் பக்கம் எங்க தோட்டத்து இலந்தை மரத்துல கோழிமுட்டை மாதிரி கெட்டியா ஒரு கூடு தொங்குது, காம்பு கூட இருக்கு. முகாவா? உடைச்சுப் பார்க்கலாமா?" – திண்டுக்கல் வாசகர்

உடைச்சுடாதீங்க தயவுசெஞ்சு! முகா இல்ல, முகா நம்ம பக்கம் கிடையாது. நீங்க சொல்ற அடையாளத்தை வச்சுப் பார்த்தா அது டசர் பூச்சியோட கூடு, முகாவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், அதே ஆந்தீரியா பேரினம். இலந்தை, மருது மரங்கள்ல நம்ம மலையடிவாரத்துல தானா வளரும். காம்போட நுனியைப் பாருங்க, கிளையைச் சுத்தி மோதிரம் மாதிரி வளையம் இருக்கும், அதையும் அந்தப் புழுவே பட்டால கட்டினதுதான், காத்து அடிச்சாலும் இலை உதிர்ந்தாலும் கூடு கீழ விழாது. முகாகிட்ட அந்தக் காம்பு கிடையாது.

முகாகிட்ட இல்லாத இன்னொண்ணும் இதுகிட்ட இருக்கு, இது தூங்கும். கோடை முழுக்க உள்ள கூட்டுப்புழு அசையாம கிடக்கும், மழை வந்து காத்துல ஈரம் ஏறினப்புறம்தான் முழிக்கும். கூட்டுல ஓட்டை இல்லாம, கையில எடுத்தா கொஞ்சம் கனமா இருந்தா உள்ள உயிர் இருக்குன்னு அர்த்தம். கிளையை வெட்டிட்டீங்கன்னா பரவாயில்ல, அதே மரத்துல எறும்பு ஏறாத இடமா பார்த்து நிழல்ல கட்டி விடுங்க. நல்ல மழை ரெண்டு பெய்ஞ்ச பிறகு சாயங்காலத்துல போய் பாருங்க, கூட்டோட ஒரு முனை நனைஞ்ச மாதிரி தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரி டார்ச் எடுத்துட்டு அங்கயே உட்காருங்க, வீட்டுல குழந்தைங்க இருந்தா அவங்களையும் தூங்க விடாதீங்க.